டீசல் மண்ணும் ரோஜா மண்ணும்

மாயாபந்தர் மின்நிலையத்தின் டீசல் டேங்க் ஒழுகுகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, மின்நிலையத்தைத் தவிர. டேங்குக்குக் கீழே புல் கருகியது. ஓடையில் நண்டுகள் மல்லாந்து கிடந்தன. மின்நிலையக் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தால் தண்ணீரின் மேலே மயில் கழுத்து நிறத்தில் ஒரு பளபளப்பும் சேர்ந்து ஏறி வந்தது. எல்லாவற்றுக்கும் அலுவலகத்தில் விளக்கம் இருந்தது. புல் கருகியது வெயிலால். நண்டுகள் செத்தது நண்டுகளின் சொந்த விஷயம். கிணற்றுத் தண்ணீரில் இரும்புச் சத்து கூடுதல். அது உடம்புக்கு நல்லது. டேங்கில் டீசல் தானாகக் குறைந்துகொண்டே வந்ததற்கு ஆவியாதல் என்று பெயர். தீவு வெயிலில் டீசல் அப்படித்தான் ஆவியாகும் என்று உதவி எஞ்சினியர் சிவஞானம் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் தீவைப் பார்த்ததில்லை. ஆகவே ஒப்புக்கொண்டது.

கடைசியில் டேங்கே ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து உண்மையைச் சொன்னது. அதற்குப் பிறகு விளக்கம் சொல்ல முடியவில்லை. டேங்கை நகர்த்தி, அடியில் தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் கறுப்பு மண் வந்தது. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. மின்நிலையத்துக்குப் பின்னால் அது ஒரு சின்னக் குன்றாக எழுந்தது. மழை பெய்தபோது குன்றின் காலடியில் வானவில் ஓடியது.

அந்தச் சமயம் பார்த்து, போர்ட் பிளேரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வரப்போவதாகத் தகவல் வந்தது. பெரிய அதிகாரி வந்தால் எதையாவது திறந்துவைத்தாக வேண்டும். மாயாபந்தரில் திறக்காத கதவு எதுவும் மிச்சமில்லை. சிவஞானம் யோசித்தார். லேபர் லைனுக்கு மேலே ஒரு பள்ளம் சும்மா கிடந்தது. மின்நிலையத்துக்குப் பின்னால் ஒரு மேடு சும்மா நின்றது. மேட்டை எடுத்துப் பள்ளத்தில் போட்டால் விளையாட்டு மைதானம். இரண்டு தலைவலியும் ஒரே லாரியில் போய்விடும். இந்த யோசனை தனக்கு எப்படித் தோன்றியது என்று அவரே வியந்து இரண்டு மூன்று பேரிடம் சொன்னார்.

பள்ளத்துக்குக் கீழே, சரிவில், ஒரு கிணறு இருந்தது. அது அவருடைய யோசனையில் வரவில்லை.

லேபர் லைனில் இருந்தவர்கள் மராமத்து வேலைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் வந்த குடும்பங்கள். ராமநாதபுரத்துக்காரர்கள் சிலர், தென்காசிப் பக்கம் சிலர், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், இரண்டு வங்காளி வீடுகள். மழை நின்று மாசி, பங்குனி வந்துவிட்டால் கரையோரக் கிணறெல்லாம் உப்புக் கரிக்கும். இது ஒன்றுதான் கரிக்காது. டேங்க் ஒழுக ஆரம்பித்ததிலிருந்து மின்நிலைய ஆட்களும் தங்கள் இரும்புச் சத்தை விட்டுவிட்டு இங்கேதான் குடத்தோடு வந்தார்கள்.

பள்ளத்தில் முளைக்குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போன அன்று சாயங்காலமே, நீலாவதி என்கிற தையல்காரி அவற்றைப் பிடுங்கினாள். அவள் புருஷன் காட்டு இலாகாவின் மரம் வெட்டும் முகாமில் இருந்தான், நினைத்தால் வருவான். அவள் கை மெஷினை வைத்துக்கொண்டு லைன் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிய குச்சிகள் நன்றாகக் காய்ந்தவை என்பதால் அடுப்புக்குப் போயின. சிவப்புத் துணி மளிகைக்கடை ஜெய்னுதீனின் மகள் பாவாடைக்கு ஓரமாகப் போயிற்று. அரசாங்கச் சொத்து எதுவும் வீணாகவில்லை.

மறுநாள் சிவஞானம் ஜீப்பில் வந்தார். நீலாவதி மெஷினைத் தூக்கிவந்து பள்ளத்தின் நடுவில், ஒரு பாதாம் மர நிழலில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜெய்னுதீனின் மனைவி லத்தீபா, தைத்ததற்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கவர்மெண்ட் முளையைப் பிடுங்கறது குற்றம், தெரியுமா?"

"கிணத்து மேட்டுல அடிச்சிருக்கு சார். கேட்டுட்டா அடிச்சீங்க?"

அரசாங்கம் யாரையும் கேட்டு முளை அடிப்பதில்லை என்று அவர் விளக்கினார். மைதானம் வந்தால் குழந்தைகள் ஓடி விளையாடலாம் என்றார். அந்த மண்ணில் ஒன்றுமே இல்லை, வெறும் மண் என்றார்.

"ஒண்ணுமே இல்லாத மண்ணை எதுக்கு சார் தோண்டுனீங்க?"

சிவஞானம் இதை எதிர்பார்க்கவில்லை. முன்னெச்சரிக்கையாகத் தோண்டியதாகச் சொன்னார். முன்னெச்சரிக்கையாகவே தானும் வேண்டாம் என்பதாக நீலாவதி சொன்னாள். மெஷின் சக்கரத்தைச் சுற்றுவதை அவள் நிறுத்தவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை. தான் பேசும்போது பொருள்கள் ஓடுவதை அவர் விரும்புவதில்லை. அலுவலகத்தில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுத்தான் பேசுவார்.

"ஆட்சேபனைன்னா காரணம் வேணும்மா. விஞ்ஞான ரீதியா வேணும்."

"எனக்கு வேண்டாம் சார். அதான் காரணம்."

"அது காரணம் இல்லை."

"எங்களுக்குப் போதும்," என்றாள் லத்தீபா, வாயில் ஊக்கோடு.

விஞ்ஞான ரீதியாக என்பது சிவஞானத்துக்கு மிகவும் பிடித்த சொல். மாற்றலாகித் தீவுக்கு வந்ததைக்கூட அவர் தண்டனை என்று சொல்வதில்லை. நாட்டுக்கு விஞ்ஞான ரீதியான சேவை என்பார். அவர் மேஜையில் கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்று இருந்தது. எண்ணெய்க் கிடங்கு நடத்தும் முறை பற்றியது. அதை அவர் திறந்து பார்த்தவர் இல்லை. இப்போது திறந்தார். சந்தேகமான மண்ணைச் சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. சோதனைச் சாலை மெட்ராஸில் இருந்தது.

மெட்ராஸ் கப்பல் போர்ட் பிளேரிலிருந்து புறப்படுவதற்கு முன் மண்ணை ஒரு டப்பாவில் அடைத்து, அரக்கு வைத்து, ஆள் மூலம் அனுப்பினார். கப்பலில் இருந்த சரக்கு அதிகாரி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். இதில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டாராம். இருக்கிறதா என்று பார்க்கத்தான் அனுப்புகிறோம் என்றதற்கு, எண்ணெய் கலந்த எதுவும் பயணிகள் கப்பலில் ஏறக் கூடாது, தீப்பிடிக்கும். எண்ணெய் இல்லை என்று பொறுப்பான ஒருவர் எழுதிக் கொடுத்தால் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். பொறுப்பான ஒருவர் என்றால் சிவஞானம்தான். 'இந்த மண்ணில் எண்ணெய் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். காகிதம் காய்வதற்குள் தலைமைக் குமாஸ்தா ஒரு சின்னச் சந்தேகம் எழுப்பினார். எண்ணெய் இல்லை என்று உறுதியாகிவிட்டபோது அதை மெட்ராஸ் வரைக்கும் எதற்கு அனுப்ப வேண்டும்?

சிவஞானம் அந்தக் கேள்வியின் அழகில் சற்று நேரம் மயங்கி இருந்தார். டப்பா மெட்ராஸ் போகாமலே திரும்பி வந்தது. சோதனை முடிந்துவிட்டது.

அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் அலுவலகப் பியூன் குழந்தைவேலு. லைனில்தான் அவர் வீடும். இதே கிணற்றுத் தண்ணீர்தான் அவரும் குடித்தார். ஆனால் காக்கி போட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தாகம் எடுக்காது.

"சோதனை பாஸாயிடுச்சு தங்கச்சி. நாளைக்கி லாரி வருது. மெஷினை எடுத்துக்க."

"யாரு சோதிச்சா?"

"சார்தான்."

"எதுல?"

குழந்தைவேலு யோசித்துப் பார்த்தார். பேனாவில் என்பதுதான் சரியான பதில். அதைச் சொல்லக் காக்கி இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் லாரி வந்தது. ஓட்டியவன் மங்ரா, ராஞ்சிக்காரன். லாரி நிறையக் கறுப்பு மண். பள்ளத்தின் ஓரத்தில் லாரியைத் திருப்பிப் பின்பக்கமாக வந்தான். நீலாவதி எழுந்திருக்கவில்லை. லத்தீபாவும் எழுந்திருக்கவில்லை. லைன் பெண்கள் இன்னும் சிலர், தைக்க வேண்டியது இருப்பவர்களும் இல்லாதவர்களும், பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மங்ரா ஹாரன் அடித்தான். நீலாவதி மெஷினைச் சுற்றினாள். இப்படிச் சிறிது நேரம் இரண்டு யந்திரங்களும் பேசிக்கொண்டிருந்தன. பிறகு மங்ரா என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் பீடி பற்றவைத்துக்கொண்டான். ஆள்மேல் மண் கொட்டச் சொல்லி ஆர்டரில் இல்லை என்று யாரிடமோ இந்தியில் சொன்னான்.

சிவஞானம் இப்போது கோபப்பட்டிருக்கலாம். போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பெரிய அதிகாரி வருகிற சமயத்தில், பெண்களைத் தூக்கிப் போட்டு மைதானம் திறந்தார் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. புத்தகத்தை மேலும் இரண்டு பக்கம் புரட்டியதில், சோதனைச் சாலை இல்லாத இடத்தில் செய்யக்கூடிய ஒரு எளிய பரிசோதனை கிடைத்தது. கண்ணாடிப் பாட்டிலில் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, குலுக்கி வைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் மேலே மிதக்கும். இதை ஊர் பார்க்கச் செய்தால் ஊர் வாயடைத்துப் போகும் என்று அவர் நினைத்தார். முடிவு என்னவாக இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தானே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே.

ஆகவே பாதாம் மரத்தடிக்கு மேஜை வந்தது. மேஜைக்கு வெள்ளைத் துணி வந்தது. நாற்காலி, புத்தகம், ஒரு கூஜா நல்ல தண்ணீர், அவர் வீட்டில் ஸ்குவாஷ் இருந்த ஒரு காலி பாட்டில் எல்லாம் வந்தன. கூஜாத் தண்ணீர் நீலாவதியின் கிணற்றுத் தண்ணீர். வேறு தண்ணீர் குடிக்க அவர் பங்களாவிலும் முடியாது.

லைன் முழுவதும் கூடியிருந்தது. கப்பல் துறை ஜெட்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சிவஞானம் சட்டைக் கையை மடித்துவிட்டு, லாரியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாட்டிலில் போட்டார். தண்ணீர் ஊற்றினார். கட்டை விரலால் வாயை அடைத்து, கோயில் மணி ஆட்டுகிற பக்தியோடு குலுக்கி, வெள்ளைத் துணிமேல் வைத்தார். மண் கீழே இறங்கியது. தண்ணீர் கலங்கித் தெளிந்தது. மேலே, கழுத்துக்கிட்ட, மயில் வந்து உட்கார்ந்தது.

மங்ரா எட்டிப் பார்த்து, 'தேல்' என்றான். எண்ணெய் என்பதற்கு எல்லா மொழியிலும் அது போதும்.

சிவஞானம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது இயற்கையான பளபளப்பு என்றார். காட்டு இலை மக்கிய மண் எதிலும் இது வரும். தீவு மண்ணின் தன்மையே இது. மக்கள் அறியாமையால் எண்ணெய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிரூபித்துக் காட்டுகிறேன். இந்த ஊரிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத மண் ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சோதிப்போம். அந்த மண் எது? அவருடைய பங்களா ரோஜாத் தோட்டத்து மண். மின்நிலையக் கூலிகள் மலைச்சரிவிலிருந்து சுமந்துவந்து, சல்லடையில் சலித்து, கல்லும் வேரும் நீக்கிப் போட்டது. அதற்குமேல் சுத்தமான மண் தீவில் கிடையாது.

குழந்தைவேலுவைப் பார்த்து, தோட்டத்திலிருந்து ஒரு பொட்டலம் மண்ணும், இதே மாதிரி இன்னொரு கண்ணாடிப் பாட்டிலும் கொண்டுவரச் சொன்னார்.

மண்ணுக்குக் கஷ்டமில்லை. பாட்டில்தான் கஷ்டம். மாயாபந்தரில் வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில் சும்மா கிடைக்காது. கிடைப்பதெல்லாம் மண்ணெண்ணெய்க்குப் போய்விடும். பீப்பாய் வருகிற நாளில் ஜெய்னுதீன் கடை வாசலில் பாட்டில்கள் காலையிலேயே வரிசையில் நிற்கும். மனிதர்கள் வீட்டில் வேலையைப் பார்ப்பார்கள். அவர்களுக்காகப் பாட்டில்கள் நிற்கும். எது யாருடையது என்று தெரிய, கழுத்தில் ஆளுக்கொரு துணிக் கிழிசல். வரிசையை யாரும் கலைக்க மாட்டார்கள். மனிதர்கள் நின்றால்தான் முந்துவார்கள், பாட்டில்கள் மானமுள்ளவை.

அன்று பீப்பாய் வருகிற நாள். குழந்தைவேலு வரிசையைப் பார்வையிட்டார். இருப்பதிலேயே பளிச்சென்று இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதன் கழுத்தில் பச்சைச் சேலைக்கரை ஒன்று கட்டியிருந்தது. அதை அவிழ்த்துப் பக்கத்துப் பாட்டிலுக்குக் கட்டிவிட்டார். தொட்டியில் முக்கி எடுத்து, அரசாங்க வேகத்தில் இரண்டு குலுக்குக் குலுக்கிக் கவிழ்த்தார். மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் சுமந்து, மண்ணெண்ணெய் அடுப்புச் சோறு தின்ற மூக்கு அது. அதற்கு அந்த வாடை தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சிவஞானம் இரண்டாவது பாட்டிலில் ரோஜாத் தோட்டத்து மண்ணைப் போட்டார். செக்கச்செவேலென்று, பொடிப்பொடியாக, பார்க்கவே லட்சணமான மண். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வெள்ளைத் துணிமேல் வைத்தார்.

மண் இறங்கியது. தண்ணீர் தெளிந்தது. இன்னொரு மயில் வந்து உட்கார்ந்தது.

சிவஞானத்தின் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது. பிறகு விஞ்ஞானம் வந்தது. இரண்டு பாட்டிலையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

அப்போதுதான் நீலாவதி மெஷினைச் சுற்றுவதை நிறுத்தினாள். அவர் இடது கையிலிருந்த பாட்டிலின் தோளில், கண்ணாடிக்குள்ளேயே, புளியங்கொட்டை அளவு ஒரு குமிழ் இருந்தது. அவள் வீட்டு மண்ணெண்ணெய்ப் பாட்டில். காலையில் அவள்தான் கொண்டுபோய் வரிசையில் வைத்தாள்.

லத்தீபாவுக்கும் அது தெரிந்துவிட்டது. வாரா வாரம் கடையில் புனல் பிடிப்பவள் அவள்தானே. "ஏ நீலா, அது ஓம்..." என்று ஆரம்பித்தாள். நீலாவதி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

கிள்ளிய கையை எடுக்காமல் யோசித்தாள். பாட்டில் என்னுடையது, அதில் இருப்பது மண்ணெண்ணெய் என்று சொன்னால் என்ன ஆகும்? கூட்டம் சிரிக்கும். சார் குழந்தைவேலுவைத் திட்டுவார். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி சோதிப்பார். இந்தத் தடவை ரோஜா மண் சுத்தமாக நிற்கும். நின்றால்? முதல் மயிலுக்கே இலை மக்கல் என்று காரணம் சொன்னவர், அடுத்ததற்கு வேறொன்று வைத்திருப்பார். அவரிடம் காரணத்துக்குப் பஞ்சமா? லாரி மட்டும் பின்னாலேயே நின்றுகொண்டிருக்கும். இன்றைக்கு எழுந்தால் நாளைக்குக் கிணறு போயிற்று. உண்மையை வைத்து இவரை மடக்க முடியாது. இவர் வாயை வைத்துத்தான் மடக்க வேண்டும்.

"பார்த்தீங்களா?" என்றார் சிவஞானம். "இது தோண்டின மண். இது என் தோட்டத்து மண். ரெண்டுலயும் ஒரே பளபளப்பு. ஒரு வித்தியாசமும் கிடையாது."

"ஒரு வித்தியாசமும் கிடையாதா சார்?"

"கடுகளவும் கிடையாது."

"அப்படியே இந்தியிலயும் ஒரு தடவை சொல்லிருங்க சார். மங்ராவுக்கு, அந்த வங்காளி வீட்டுக்காரங்களுக்கெல்லாம் புரியணும்ல."

இவ்வளவு மரியாதையான வேண்டுகோள் அவருக்கு அந்தப் பள்ளத்தில் அதுவரை கிடைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "இஸ் மிட்டி மே, ஔர் மேரே பகீச்சே கி மிட்டி மே, கோயி ஃபரக் நஹீ," என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பகீச்சா என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். தோட்டம் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

"அப்ப சரி சார்," என்றாள் நீலாவதி. மெஷினுக்கு உறை போட்டாள். பெண்கள் பாயைச் சுருட்டினார்கள். சிவஞானம் இரண்டு பாட்டிலையும் குழந்தைவேலுவிடம் கொடுத்து, அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்லிவிட்டு, பெரிய அதிகாரிக்கான தோரணத்தைப் பார்வையிட ஜெட்டிக்குப் போய்விட்டார்.

ஜீப் மறைந்ததும் நீலாவதி லாரியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"மங்ரா, சாப் கியா போலா? சார் என்ன சொன்னாரு?"

"கோயி ஃபரக் நஹீ," என்றான் மங்ரா.

"ஃபரக் இல்லேன்னா எங்க கொட்டினா என்ன? பகீச்சாவுக்கு ஓட்டு."

மங்ரா பீடியை ஒரு இழுப்பு இழுத்தான். ஆர்டர் இந்தப் பள்ளத்துக்குத்தான் என்றான். பிறகு கிணற்றைப் பார்த்தான். அவன் பெண்டாட்டி அதில் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். "டீக் ஹை, தீதி. பைட்டோ," என்று பெண்களையும் ஏறச் சொல்லிவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினான். பெண்கள் கூடைகளோடு மண்மேல் ஏறிக்கொண்டார்கள். லத்தீபா முன்னால், டிரைவர் பக்கத்தில். கடைக்காரர் மனைவி என்ற கௌரவத்தை அவள் எங்கேயும் விட்டதில்லை.

பங்களா ஊரின் மறுபக்கத்து மேட்டில் இருந்தது. ரோஜாத் தோட்டத்துக்கு அப்பால் சரிவு, சரிவுக்கு அப்பால் கடல். அந்தப் பக்கம் கிணறு எதுவும் கிடையாது. பெண்கள் வேலி கேட்டைத் திறந்து, கூடை கூடையாக இறக்கி, ஒவ்வொரு ரோஜாச் செடியின் காலடியிலும் பதமாக வைத்து, கையால் தட்டிவிட்டார்கள். குழந்தைக்கு மருந்து போடுவது மாதிரிதான் போட்டார்கள். யாரும் குறை சொல்ல முடியாது.

சிவஞானத்தின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். என்ன நாற்றம் இது என்று கேட்டாள்.

"நாத்தம் இல்லம்மா. இரும்புச் சத்து," என்றாள் நீலாவதி.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஜீப் வந்து கேட்டில் உரசிக்கொண்டு நின்றது. சிவஞானம் இறங்கிய வேகத்தில் தொப்பி உள்ளேயே விழுந்துவிட்டது. யாரைக் கேட்டுச் செய்கிறீர்கள் என்றார். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் என்றாள் நீலாவதி. இரண்டும் ஒரே மண், கடுகளவும் வித்தியாசம் கிடையாது என்று ரெண்டு பாஷையில் சொன்னாரே. தோட்டத்தில் ஒரு மூலை மழையில் கரைந்திருக்கிறது, அதுவும் நிரம்பிவிடும். மைதானத்துக்கு வேண்டுமானால் இந்தத் தோட்டத்து மண்ணைக்கூட எடுத்துக்கொள்ளலாம், ஒரே மண்தானே.

"இன்னும் நாலு நாளு நடை அடிச்சா மேடு பூராவும் இங்கயே நிரவிரலாம் சார்," என்றாள் லத்தீபா. "எங்களுக்குக் கஷ்டம் ஒண்ணுமில்ல."

சிவஞானம் வாயைத் திறந்தார். அவருக்குள்ளிருந்து ஒரு சொல் மேலே ஏறி வந்து, தொண்டையில் நின்றுகொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. டீசல் என்கிற சொல். பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மங்ரா என்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். வராந்தாவிலிருந்து மனைவியும் முந்தானையை எடுக்காமல் காத்திருந்தாள். ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் ரோஜா பிழைக்கும். கையெழுத்து செத்துப்போகும்.

சிவஞானம் அதை விழுங்கினார். விழுங்கி முடித்ததும் நிமிர்ந்தார்.

"இது அரசாங்க மண்," என்றார். "அரசாங்க மண்ணை என் சொந்த உபயோகத்துக்குப் போட்டா அது முறைகேடு. நான் அதுக்கு ஒருக்காலும் உடன்பட மாட்டேன்."

ரோஜாப் பாத்தி மண்ணை மின்நிலையக் கூலிகள் சலித்ததை யாரும் நினைவூட்டவில்லை.

"அப்ப எங்க போடறது சார்?" என்றாள் நீலாவதி. "பள்ளத்துக்கு வேண்டாம். அது முடிஞ்ச பேச்சு."

இவ்வளவு தரமான மண் பொதுக் காரியத்துக்குத்தான் போக வேண்டும் என்று அவர் சொன்னார். சற்று யோசித்தார். ஜெட்டிக்குப் போகும் புது ரோடு மேட்டில் கல் குவித்துக் காத்திருக்கிறது. அதன் அடியில் போட்டு மேலே தார் ஊற்றினால் ரோடு நூறு வருஷம் நிற்கும். தான் முதலிலேயே இதைத்தான் நினைத்ததாகவும் சொன்னார்.

"அதையும் இந்தியில சொல்லிருங்க சார்."

சொன்னார். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்திச் சொல்லவில்லை.

நீலாவதி வீட்டுக்குப் போகவில்லை. லாரியிலேயே ஏறி ஜெட்டி ரோடுக்குப் போனாள். மண் இறங்குவதைப் பார்த்தாள். மின்நிலையத்துக்குத் திரும்பி, அடுத்த நடைக்கும் ஏறினாள். மேடு தரையாகும் வரைக்கும் மங்ராவின் லாரியில் தினமும் ஒரு தையல் மெஷின் போய் வந்தது. ஆட்டத்தில் ரவிக்கைகள் சில கோணலாயின. யாரும் குறை சொல்லவில்லை. ரோடு வேலை செய்தவர்கள் மேலே கல்லைக் கொட்டித் தார் ஊற்றினார்கள்.

பெரிய அதிகாரி வந்தார். மைதானம் இல்லாததால் அந்த ரோட்டையே திறந்துவைத்தார். மண்ணின் தரம் பற்றிச் சிவஞானம் ஆங்கிலத்தில் பேசினார். அலுவலக மேஜையில் இரண்டு பாட்டிலையும் காட்டி விளக்கினார். பெரிய அதிகாரி அதைக் குனிந்து பார்த்து, வண்ணம் அழகாக இருக்கிறது என்றாராம். ரோஜாக்கள் கீழிலையிலிருந்து மஞ்சளாகிக் கொட்டின. கடல் காற்று என்று சிவஞானம் விளக்கம் சொன்னார். பாட்டில் அரசாங்கச் சான்றாகிவிட்டதால் நீலாவதிக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. வரிசைக்கு லத்தீபாவிடம் ஒன்று இரவல் வாங்கி வைத்தாள். ஏன் கிள்ளினாய் என்று லத்தீபா கேட்டதற்கு, அன்றைக்கு வாய் திறந்திருந்தால் பாட்டில் இருந்திருக்கும், கிணறு இருந்திருக்காது என்று மட்டும் சொன்னாள்.

எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் குழந்தைவேலு காக்கியோடு வந்தார். கையில் ஒரு காகிதம். மண் சுத்தமானது, அதைப் பற்றி எனக்கு ஆட்சேபனை எதுவும் இல்லை, எஞ்சினியர் அவர்கள் விளக்கியதன் பேரில் மனம் தெளிந்தேன் என்று அதில் எழுதியிருந்தது. கீழே கோடு போட்டிருந்தது. கோட்டுக்குமேல் நீலாவதி கையெழுத்துப் போட்டால் விஷயம் விஞ்ஞான ரீதியாக முடிந்துவிடும் என்று சார் சொன்னாராம்.

நீலாவதி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே படித்துப் பார்த்தாள். காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"முடியாது அண்ணே."

"மண்ணுதான் போயிருச்சே தங்கச்சி. ஒரு கையெழுத்துல என்ன இருக்கு? போட்டா சார் சந்தோஷப்படுவாரு."

"மண்ணு நல்லதா கெட்டதான்னு நான் எப்ப பேசினேன்? அது சார் பேசினது. கிணத்துக்கு மேல வேண்டாம்னுதான் சொன்னேன்."

"அப்ப நான் போயி என்னன்னு சொல்றது?"

"அதைத்தான் சொல்லுங்க. நாளைக்கி அவரு தங்கத்தையே கொண்டாந்து கொட்டினாலும் கிணத்துக்கு மேல வேண்டாம். காரணம் கேட்டா, காரணம் இல்லையாம்னு சொல்லுங்க."

குழந்தைவேலு காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். வெயில் ஜாஸ்தி, ஒரு செம்பு தண்ணீர் கொடு என்றார்.